எட்டு நாய் மகளும் ஒற்றை மாட்டுத் தாயும்

இன்று காலை வீடியோ கோலில் மகளைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்துவிட்டது!

(பெற்ற மகள்தான். திட்டுவதற்கு முன் முழுவதையும் வாசியுங்கள்.)

ஆரணி நோர்வேயின் வடக்கில் வேலை செய்கிறாள். இந்தப் பனிக்காலம் நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி ஓட்டப் பழகுகிறாள். போன மாதம் வரை நாலு நாய். இன்று முதல் தடவையாக எட்டு!

"அம்மா, இஞ்சை பாருங்கோ! நாலு நாய் எண்டால் நான் சொல்லுறதைக் கேக்கும். எட்டைப் பூட்டினால் என்னையும் இழுத்துக்கொண்டு தங்கடை பாட்டுக்குப் போகுதுகள்!"

கோலில் கனடாவிலிருந்து என் தம்பியும் இருந்தான். என்னைவிட ஒரு வயது இளையவன். நான் புங்குடுதீவில், சிக்னல் தேடி மொட்டை மாடியில் நின்றேன்.

"கவனம் பிள்ளை. கொம்மாவிட்டை மட்டும் யோசனை கேட்டிடாதை. அவ ஒற்றை மாட்டுக்காரி!" என்று தம்பி சிரித்தான்.

இந்தப் பட்டத்துக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல். அது வந்ததன் முழுக் கதையை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசி. புங்குடுதீவில் மடத்துவெளி, எங்கள் குறிச்சி.

எங்கள் வீட்டுக் கிணறு உப்பு. நல்ல தண்ணீரை ஊர்க் கிணற்றிலிருந்து பீப்பாயில் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தது நான்! ஒற்றைத் திருக்கல் வண்டி, ஒரே ஒரு மாடு, பதினேழு வயது நான். இரண்டு வருடம் ஓட்டியதில், நாக்கைத் தட்டினாலே மாடு திரும்பும். ரோட்டில் போகும்போது எனக்குக் கொஞ்சம் எடுப்புத்தான்.

பிறகு ஐயா (எங்கள் அப்பா) பெரிய வண்டி ஒன்றும் ஒரு சோடி நாம்பன் காளைகளும் வாங்கி வந்தார். இரண்டும் வெள்ளை. விற்றவர் ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினாராம்.

"காது கிழிஞ்சது வலத்தன், மற்றது இடத்தன். மாத்திப் பூட்டினால் வண்டி போகாது, நீங்கள்தான் போவியள்!"

வலப்பக்கம் இழுத்துப் பழகிய மாடு கடைசிவரை வலப்பக்கம்தான். சோடி மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரியும்.

கயிறு யார் கைக்கு? இரண்டு வருடம் ஓட்டியவள் நான் நிற்கிறேன். ஐயா தம்பியைக் கூப்பிட்டார்!

"ஐயா, நான் ஓட்டுறன்."

"சோடி மாடு பொம்பிளைப் பிள்ளைக்கு ஏலாது. நீ தண்ணி வண்டியோடை நில்."

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு கிழமை முழுவதும் அவன் பழகினான், ஒழுங்கைச் சனம் முழுவதும் வேடிக்கை பார்த்தது. அம்மா அவனுக்கு மட்டும் முட்டை பொரித்துக் கொடுத்தார். (முட்டையை நான் இன்னும் மறக்கவில்லை.)

"வாற ஞாயிறு சாட்டிக் கடலுக்குக் குளிக்கப் போறம். இடமிருந்தால் உன்னையும் ஏத்துறன்" என்றான்.

இடமிருந்தால்!

ஞாயிறு காலை, மாடுகளைப் பூட்டி வைத்துவிட்டு ஐயா வெற்றிலை வாங்கப் போனார். தம்பி அறைக்குள் சேர்ட் மாற்றினான். நான் மாடுகளை அவிழ்த்தேன். வலத்தனை இடப்பக்கமும் இடத்தனை வலப்பக்கமும் மாற்றிப் பூட்டினேன்.

அவன் ஊர் பார்க்க அவமானப்பட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

ஐயா வந்து வண்டிக்குப் பின்னால் நின்றார். தம்பி சேர்ட் பொத்தானைப் போட்டபடி வந்தான். ஆனால் ஏறவில்லை.

"ஐயா, அக்கா பாவம். முதல் அவ ஒருக்கா ஓட்டட்டும்."

ஒரு கிழமையாக இளகாத ஐயாவின் மனம் அந்த நேரம் பார்த்து இளகியது!

"சரி, ஏறு பிள்ளை. வைரவர் கோயிலடி மட்டும்."

ஏறமாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு கிழமையாகக் கயிறு கேட்டு அழுதவள் நான்தானே. ஏறினேன்.

பத்து யார் தூரம்கூடப் போயிருக்க மாட்டோம். இரண்டு மாடும் ஒன்றை ஒன்று தள்ளின, வண்டி சரிந்தபடி ஓடியது, பக்கத்து வீட்டு மாமியின் புதுக் கிடுகு வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போனோம். மாடுகள் நுகத்தைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டன. (அது நல்லதாகப் போயிற்று. எது எந்தப் பக்கம் நின்றது என்று பிறகு யாராலும் பார்க்க முடியவில்லை.)

தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமி அசையாமல் கேட்டார்: "வாறதெண்டால் படலையாலை வாவன் பிள்ளை!"

அன்றோடு சோடி மாடு தம்பிக்கு, பட்டம் எனக்கு. மாடு மாறிப் பூட்டியிருந்தது என்று சொன்னால் மாற்றியது யார் என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை ஆரணி சொல்கிறாள்:

"அம்மா, ஒரு நாய் இழுக்கமாட்டன் எண்டு நிண்டது. பாத்தால் அது இடப்பக்கம் ஓடிப் பழகினதாம், நான் வலப்பக்கம் பூட்டிப்போட்டன். மாத்திவிட்டதும் பறந்துது!"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தம்பி, அண்டைக்கு மாட்டை மாத்திப் பூட்டினது நான்தான்ரா. எரிச்சலிலை செய்தனான்."

"தெரியும்."

"என்னது?"

"யன்னலாலை பாத்தனான். அதுதானே உன்னை முதல் ஏறச் சொன்னனான்!"



"அப்ப ஏன்ரா ஐயாவிட்டைச் சொல்லேல்லை?"



"சொன்னால் ஐயா உனக்கு அடிப்பார். அடிச்சால் பின்னேரமே மனம் இளகிக் கயித்தை உன்னட்டைத் தந்திடுவார். நீ என்னை விட நல்லா ஓட்டியிருப்பாய் அக்கா. ரெண்டு வருசமா ஊர் உன்ரை ஓட்டத்தைத்தானே சொன்னது. எனக்கு எரியாதோ?"

அவனுக்கும் எரிந்திருக்கிறது! எனக்குச் சண்டை பிடிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தேன்.

"அம்மா, அடுத்த பனிக்கு இஞ்சை வாங்கோ. எட்டு நாயையும் சரியாப் பூட்டித் தாறன், நீங்கள் ஓட்டுங்கோ" என்றாள் ஆரணி.

"வாறன் பிள்ளை. மாமாவையும் வரச்சொல்லு" என்றேன். "இடமிருந்தால் ஏத்துறன்!"