ரெண்டு செட் ஜெராக்ஸ்

குழல்வாய்மொழி குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் அறை கூட்டுகிறாள். சீசனுக்கு மட்டும் ஆள் எடுப்பார்கள். சாரல் நின்றால் வேலையும் நின்றுவிடும். அதனால் லாட்ஜ் தரப்பில் ஈ.எஸ்.ஐ., இன்சூரன்ஸ் என்று எதுவும் அவளுக்குக் கிடையாது. புருஷன் இறந்து ஆறு வருஷம். பத்தாவது படிக்கிற மகளோடு தென்காசியில் என் கடைக்குப் பின்னால் குடியிருக்கிறாள். என் கடை என்றால் ஜெராக்ஸும் ஆன்லைனில் மனுப் போடுவதும். கோமதிசங்கர் என்று போர்டில் இருக்கும். எந்த ஆபீசுக்கு எந்தத் தாள் வேண்டும் என்று தெருவே என்னிடம்தான் வந்து கேட்கும். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. அந்தக் கர்வம் செய்த வேலையைத்தான் எழுதுகிறேன்.

ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினோரு மணி. தங்கியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன அறையில் படுக்கை விரிப்பை உருவியிருக்கிறாள். மடிப்புக்குள் கிடந்த ஊசி உள்ளங்கையில் ஏறிவிட்டது. சிரிஞ்சில் ரத்தம் இருந்ததாம். மேனேஜர் ஒரு டிடி ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த அறைச் சாவியைக் கொடுத்திருக்கிறார். ஆணி குத்தினாலும் தகரம் கிழித்தாலும் நமக்கு ஒரு டிடி போட்டால் முடிந்தது கதை. அவளும் போட்டுக்கொண்டு, மிச்ச அறைகளையும் கூட்டிவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேச்சுவாக்கில் என்னிடம் கையைக் காட்டினாள். போனில் தேடினேன். அப்படிப்பட்ட ஊசியால் எச்.ஐ.வி. தொற்றலாம், தொற்றாமல் தடுக்க மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து இருபத்தெட்டு நாள் சாப்பிட வேண்டும் என்று போட்டிருந்தது. ரெண்டு பேரும் விரல் விட்டு எண்ணினோம். திங்கட்கிழமை காலை பதினோரு மணி வரை கணக்கு.

எதிர் மெடிக்கலில் கிதிர் முகம்மது இருந்தார். டாக்டர் சீட்டு வேண்டும், சரக்கும் திருநெல்வேலியிலிருந்துதான் வர வேண்டும் என்றார். விலையைக் கேட்டதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு இப்பமே போயிருவமா?" என்றாள்.

"கார்டு இல்லாம போனா உள்ளேயே விடமாட்டாவ. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய எடுத்துட்டு வா. நேரம் கெடக்கு" என்றேன்.

நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

அட்டை சிவகிரியில் மாமியார் வீட்டுப் பீரோவில் இருந்தது. சாயங்காலம் போய் இறங்கினால் வீடு பூட்டிக்கிடக்கிறது. மாமியார் கீழப்பாவூர் கோயிலுக்குப் போயிருக்கிறாள். போனில் கேட்டதற்கு, "நான் வராம பீரோவ ஒருத்தரும் தொடக்கூடாது. என்ன அவசரம் ஒனக்கு?" என்று வைத்துவிட்டாள். என்ன அவசரம் என்று எப்படிச் சொல்வாள்? எச்.ஐ.வி. என்று வாயெடுத்தால், குற்றாலத்து லாட்ஜ், தனியாக இருக்கும் பொம்பளை என்று அந்த வாய் எங்கெங்கோ போகும். ராத்திரி இவள் பக்கத்து வீட்டில் படுத்துக் கிடந்தாள். மறுநாள் மாமியார் வந்து, காப்பி போட்டுக் குடித்து, பீரோவைத் திறக்க ஒன்பதரை ஆகிவிட்டது.

பஸ் தென்காசிக்கு வந்தபோது மணி பதினொன்று நாற்பது. ஓடிவந்து அட்டையை என் மேஜையில் போட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்தேன். பழக்க தோஷம். மிஷின் சூடாகும் வரை அவள் நின்றபடியே அழுதாள்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். நான் தாள்களை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"இதுக்கு எதுக்கு சார் கார்டு? இந்த மாத்திரை எல்லாருக்கும் ஃப்ரீதான். ஞாயித்துக்கிழமையும் இங்க ஆள் இருப்போம். குத்தின உடனே வந்திருக்கக் கூடாதா?" என்றவர், அவள் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தார். "எப்ப குத்துச்சு? சரியான நேரம் சொல்லுங்க."

குழல்வாய்மொழி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டே கால்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் மூணு மணிம்மா."

பிறந்த தேதியில் ஒரு எண் தப்பினாலும் மனுவைத் திருப்பிக் கொடுக்கிறவன் நான். அந்த மூணு மணியை நான் திருத்தவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் டாக்டர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. கேட்கிற தைரியம் ரெண்டு பேருக்கும் இல்லை. ரத்தம் எடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அங்கேயே தண்ணீர் கொடுத்து முதல் மாத்திரையை விழுங்க வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, டாக்டரம்மாட்ட மூணு மணின்னு சொல்லிட்டேன். ரத்தத்துட்ட யாரு போய்ச் சொல்லுவா?"

இருபத்தெட்டு மாத்திரையும் ஒரு நாள் விடாமல் சாப்பிட்டு முடித்துவிட்டாள். பரிசோதனைக்கு இன்னும் முப்பத்தாறு நாள் இருக்கிறது. மகளுக்கு ஒன்றும் தெரியாது. தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது என் கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போகிறாள். அந்த ரெண்டு செட் ஜெராக்ஸும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது.