பரசுராமன் கேட்ட மீதிப் பாடம்

பரசுராமன் முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் பாடம் கேட்டார். ஒரு பாடத்தைக்கூட முழுசாகக் கேட்டதில்லை.

திருவண்ணாமலைக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. குடுவை கழுவுவது, அமிலம் கலந்து வைப்பது, பர்னர் பற்றவைப்பது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவருக்குக் கை வேலையெல்லாம் சீக்கிரம் பிடிபட்டது. காதுதான் அலைந்துகொண்டே இருந்தது. பாடம் நடத்தும் குமரேசன் சார் கரும்பலகைப் பக்கம் திரும்பினால், இவர் கையிலிருக்கும் துணி மேசையிலேயே நின்றுவிடும்.

வருஷா வருஷம் ஆடி மாதவாக்கில் பர்மாங்கனேட் பாடம் வரும். சூடாக்கிய ஆக்சாலிக் அமிலத்தில் குமரேசன் சார் பியூரெட் குழாயைத் திறந்து பர்மாங்கனேட் கரைசலை ஒரு சொட்டு விடுவார். ரோஜா நிறம் போகாமல் அப்படியே நிற்கும். குடுவையைச் சுழற்றச் சுழற்ற, மெல்ல மறையும். அடுத்த சொட்டு சீக்கிரம் மறையும். அதற்கடுத்தது விழுந்த வேகத்தில் காணாமல் போகும்.

"முதல் சொட்டு மட்டும் ஏன் இவ்ளோ நேரம் எடுத்துக்குது? யாராவது சொல்லுங்க பாக்கலாம்."

பிள்ளைகள் முழிப்பார்கள். சார் தொண்டையைச் செருமுவார். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஆய்வகத்திலிருந்து குரல் வரும்: "பரசு, கேஸ் வரலப்பா!" போய்த் திரும்பி வருவதற்குள் பலகை அழிந்திருக்கும். ஒரு வருஷம் கேஸ், ஒரு வருஷம் உடைந்த பிப்பெட், இன்னொரு வருஷம் முதல்வர் அறைக்குக் காபி.

ஓய்வு பெற்றபின் அடி அண்ணாமலையில் மனைவி பொன்னியோடு சொந்த டீக்கடையில் உட்கார்ந்தார். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. மற்ற நாளில் மத்தியானம் ஈ ஓட்ட வேண்டியதுதான். அப்படியொரு மத்தியானம் சென்னையிலிருந்து மகள் நந்தினி கைப்பேசியில் ஏதோ அனுப்பினாள். ஒரு பல்கலைக்கழகம் தன் வகுப்புகளையெல்லாம் படம்பிடித்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. தமிழில் வேதியியலும் இருந்தது.

"எட்டாவது படிச்சவங்கள உள்ள வுடுவாங்களா?" என்று பொன்னி கேட்டாள்.

"யாரும் எதுவும் கேக்கல. தொட்டேன், தொறந்துகிச்சு."

சர்க்கரை டப்பாவில் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, தினம் ஒரு பாடம் பார்த்தார். பல இடங்கள் புரியவில்லை. ஆனால் கூம்புக் குடுவையைக் கண்டால் முகம் மலர்ந்துவிடும். "கழுத்தப் புடிக்கிறாங்க பாரு, அழகா!" என்பார். ஐந்தாவது வாரம் பர்மாங்கனேட் வந்தது. பாடம் எடுத்த அம்மா அதே கேள்வியைக் கேட்டார். பரசுராமன் தன்னையறியாமல் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாரும் கூப்பிடவில்லை.

பதில் இரண்டே நிமிஷம்தான். வினை நடக்கும்போது ஒருவகை மாங்கனீசு உப்பு உண்டாகிறது. அந்த உப்பே வினையை வேகப்படுத்துகிறது. முதல் சொட்டு விழும்போது அது இல்லை. அதனால்தான் அந்தத் தாமதம்.

மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டார். பிறகு வேலூரில் இருக்கும் குமரேசன் சாருக்குப் போன் போட்டார். பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"சார், பரசு பேசறேங்க. அந்த மொத சொட்டு விஷயம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது சார். மாங்கனீசு உப்பாம்."

"அடப்பாவி, வருஷா வருஷம் அங்கதானய்யா நின்னே! அப்பவே என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கற எடத்துல நான் இல்லீங்களே சார்."

சொன்ன பிறகு பரசுராமனுக்கே சங்கடமாகிவிட்டது. "ஆனா அந்தம்மாவுக்கு உங்க தொண்டை வராது சார்" என்றார். இருவரும் சிரித்தார்கள். பழைய ஆய்வகத்தின் அமில நெடி, ஜன்னல் வழியே தெரிந்த மலை, உடைந்த தராசு என்று பேச்சு நீண்டது.

"அடுத்த பாடம் எப்போ போடறாங்க? எனக்கும் அனுப்பு" என்றார் சார்.

இப்போது வாரத்தில் இரண்டு நாள், பாடம் முடிந்ததும் வேலூரிலிருந்து போன் வருகிறது. அந்த நேரத்தில் டீ கேட்டு வருகிறவர்களைப் பொன்னியே கவனித்துக்கொள்கிறாள்.