காத்தாடியில் கட்டிய தெர்மாமீட்டர்

ஜூன் மாதத்து மதிய வெய்யிலில் எங்கள் மொட்டைமாடியில் செருப்பில்லாமல் நின்றால் உள்ளங்கால் பொசுங்கும், நாங்கள் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதிக்கிற சத்தம் கேட்டு, "இன்னாமா, மேல கூத்தா நடக்குது?" என்று கீழேயிருந்து அம்மா கத்துவார். அப்பேர்ப்பட்ட மாடியில் நின்றுகொண்டுதான், பத்தாம் வகுப்பில் இருந்த என் அக்கா தேவகி, மேலே போகப் போகக் குளிரும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது நிஜம்தானா என்று பார்த்துவிடத் துணிந்தாள்.

அந்தப் பாடத்தில் காற்றுமண்டலத்தின் அடுக்குகளைக் காட்டும் ஒரு படம். தரையிலிருந்து கிளம்பும் கோடு கீழடுக்கில் ஏற ஏறக் குளிர்ந்துகொண்டே போகும். மீள் அடுக்கில் திரும்பிச் சூடேறும். இடையடுக்கில் மறுபடி நடுங்கும். வெப்ப அடுக்கில் கொதிக்கும். குளிர்ந்தது ஏன் திரும்புகிறது என்று அக்காவுக்கு ஒரே குடைச்சல். மேலே ஓசோன் இருந்து வெய்யிலை உறிஞ்சிக்கொள்கிறது என்பதை அவளாகவே தேடிப் பிடித்து, சோறு பிசைந்த கையோடு எங்களுக்குச் சொன்னாள். இவள் பெரிய படிப்பு படிப்பாள் என்று நான் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன்.

அம்மா தறிவீடுகளுக்குப் "புணைக்க"ப் போவார். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூலின் முனையோடு புதுப் பாவு நூலை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கிற வேலை. அந்தக் கைப்பழக்கத்தில் அக்கா, கழித்துப்போட்ட பட்டு இழைகளைச் சேர்த்து நீளமாக நூல் முறுக்கினாள். பெரிய காத்தாடி ஒன்று செய்து, வீட்டில் காய்ச்சல் பார்க்க வைத்திருந்த தெர்மாமீட்டரை அதன் நடுக்குச்சியில் கட்டிவிட்டாள். கோயில் கோபுரக் கலசத்துக்கும் மேலே அது போய் நின்றபோது எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

இறக்கிப் பார்த்தால் நூற்றிரண்டு டிகிரி!

"ஜொரத்துக்கு வெச்சிருக்கிறத ஆகாசத்துல உட்டுக்கினு இருக்கீங்களா?" என்று திட்டிக்கொண்டு வந்த அம்மாவே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. மறுநாள் வகுப்பில் எழுந்து, மேலே குளிரவில்லை, நானே அளந்து பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாள். எப்படி அளந்தாய் என்று டீச்சர் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? "விஞ்ஞானி வந்துட்டாங்க, கை தட்டுங்கபா" என்றாராம். வகுப்பே தட்டியதாம். அதன்பிறகு அக்கா எதையும் கேட்கவில்லை. பதினொன்றாம் வகுப்பில், "எனக்கு சயின்ஸ் ஏறாதுடி" என்று வணிகவியலில் சேர்ந்துகொண்டாள்.

போன மாதம் என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோதுதான் கண்ணில் பட்டது: காய்ச்சல் தெர்மாமீட்டரில் ஒருமுறை ஏறிய பாதரசம் தானாக இறங்காது, உதறினால்தான் இறங்கும். அடப்பாவமே! வாயில் வைக்கும் முன் அதை நன்றாக உதற வேண்டும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாடிச் சூட்டில் ஏறிய பாதரசம் வானம் வரை போய் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அதுவும் போக, காத்தாடி போகிற உயரத்துக்கு ஒரு டிகிரி குறைந்தாலே அதிகம். புத்தகம் சொல்வது கிலோமீட்டர் கணக்கு.

இப்போது பாதரசத் தெர்மாமீட்டர் மருந்துக்கடையில்கூடக் கிடைப்பதில்லை. பேட்டரி போட்டு "பீப்" என்று கத்துகிறதுதான். அந்த மாடியும் இல்லை, அதன்மேல் இன்னொரு மாடி எழும்பிவிட்டது. அக்கா ஒரு பட்டுப்புடவைக் கடையில் பில் போடுகிறாள். சாப்பாட்டு வேளையில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்போ புக்கும் தப்பில்ல, நான் பாத்ததும் தப்பில்லயா?"

"இல்லக்கா. கருவிதான் அப்படி."

மூடிய டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்தாள்.

"நான் மக்குன்னு நெனச்சிக்கினே இத்தினி வருஷம் ஓட்டிட்டேன்டி" என்றாள்.