இருட்டுக்குப் பயந்தவள்

பி.யூ.சி.யில் எந்தக் குரூப் எடுப்பது என்று அந்தக் கோடையில் எங்கள் பிளாக் முழுக்க ஒரே பேச்சு. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சரோஜா சயின்ஸ் எடுத்தாள். லேப் முடிந்து தினமும் இருட்டில் வந்து இறங்கப்போகிற அசட்டுக் கழுதை என்று மனதுக்குள் சிரித்தேன். எனக்கும் நல்ல மார்க்தான். ஆனால் அவ்வளவு படிக்க உடம்பு வணங்கவில்லை.

அதை வெளியில் சொல்ல முடியுமா? "சயின்ஸ் எடுத்தா கடலூர்லேருந்து வர இருட்டிடும்ப்பா. பஸ் ஸ்டாப்புலேருந்து தனியா வரப் பயமாயிருக்கு" என்றேன். மைன்ஸில் வேலை பார்த்த அப்பா தலையாட்டினார். சரியான ஏமாளி என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வந்து சொன்னார்: "கூட வேலை செய்யறவர்கிட்ட பேசி, வருசம் பூரா நைட் ஷிப்ட் மாத்திக்கினேம்மா. சாயங்காலம் சைக்கிளோட நானே வந்து நிக்கிறேன். நீ சயின்ஸே எடு."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எனக்குச் சரித்திரந்தான் பிடிக்குது" என்று அந்தக் குரூப்பையே எழுதிக் கொடுத்தேன். கிடைத்த பகல் ஷிப்டைத் திருப்பித் தர அந்தக் கூட்டாளி சம்மதிக்கவில்லை.

வருடம் முழுக்க வெயில் சாயுமுன்பே வீடு வந்தேன். பகல் புழுக்கத்தில் தூக்கம் வராமல் புரளும் அப்பா, என் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்து உட்காருவார்.

"படிப்பு ரொம்பக் கஷ்டமா இருக்காம்மா?"

"ஆமாம்ப்பா."

எத்தனையோ பேரை நான் இளக்காரமாகப் பார்த்திருக்கிறேன். அந்த "ஆமாம்ப்பா"வைச் சொன்னவளுக்கு முன்னால் அவர்கள் எல்லோரும் உத்தமர்கள்.