திரைக்கு அடியில் ஓடிய கணவர்

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்திருந்தார்கள். எதிர்ச் சுவரில் சத்தமில்லாமல் ஒரு டிவி. முகங்களெல்லாம் கலங்கிக் கிடந்தன. கீழே ஓடுகிற செய்தி வெறும் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. என்னை அறியாமல் மடியில் விரல்கள் அசைந்திருக்கின்றன. பக்கத்து நாற்காலியில் இருந்த ஓர் அம்மா, "என்னங்க, ஜெபமா?" என்று கேட்டார். ஜெபம் எங்கே வரப்போகிறது எனக்கு? பழைய பிழைப்பு. அப்படி ஓடுகிற வரிகளை ஒரு காலத்தில் ஓடவிட்டவள் நான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், காரைக்காலில் ஒரு கேபிள் டிவி கண்ட்ரோல் ரூமில் டைப் அடித்தேன். மாடியில் ஒற்றை அறை. சூடேறிய மெஷின்களின் புழுதி வாசமும், முதலாளி பாய் கொளுத்திவைக்கிற ஊதுபத்தி வாசமும் கலந்து அடிக்கும். சேலைத் தள்ளுபடி, நாளை மின்தடை, காணவில்லை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் என் கையால்தான் திரைக்கு அடியில் ஓடின. ஒருமுறை கண்ணீர் அஞ்சலிக்குப் பின்னால் இடம் விடாமல் 'அனைவரும் குடும்பத்துடன் வருக' என்று ஜவுளிக்கடையை ஓடவிட்டுவிட்டேன். அந்தக் குடும்பம் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

பாயின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்களைச் சிடியாகக் கொண்டுவந்தார். எல்லாவற்றிலும் ஒரே நடிகை. மனிதருக்கு அவள் மேல் அப்படி ஒரு பைத்தியம். அவள் வாழ்க்கையை எழுதிய தடித்த புத்தகமும் பெட்டியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் படம் ஓடும், ஒருத்தருக்கும் புரியாது.

"அந்தம்மா வரலாற கீழ ஓடவிடும்மா. பாக்குறவங்களுக்கு ஒரு பிடிப்பு வரும்" என்றார் பாய்.

எனக்கு அகராதி கையில் இருந்தால் ஆங்கிலம் வரும். அந்த நடிகை, ஓட்டலில் தட்டு கழுவிய ஒருத்தியின் மகள். படக் கம்பெனி அவள் பெயரை மாற்றியது, பல்லைத் திருத்தியது, கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கவைத்தது. அப்புறம் ஒரு நாள் முன்வரிசை. அதற்கப்புறம் ஊரெல்லாம் அவள் முகம். இதுவரை எழுத்து ஒழுங்காக ஓடியது. கல்யாணம் வந்ததும்தான் சிக்கல். அவளுக்கு நான்கு கல்யாணம்.

"நாலு புருஷனா? வூட்டுல பொம்பளப் புள்ளைங்க பாக்குற சேனலும்மா. ஒண்ணோட நிறுத்து."

"மீதி மூணு பேரு பொஸ்தகத்துல இருக்காங்களே பாய்?"

"இருந்துட்டுப் போவட்டும். வெறும் 'கணவர்'னு போடு. யாரு எண்ணப் போறா?"

அப்படியே போட்டேன். கார் விற்ற முதலாமவர் விட்டுப் போனபோது, 'கணவர் பிரிந்து சென்றார்'. படம் எடுத்த இரண்டாமவர் வந்தபோது, 'கணவர் திரும்பி வந்தார்'. இப்படி அந்த மனிதர் மூன்று முறை போய் மூன்று முறை வந்தார். கீழே டீக்கடையில் ஒரே சிரிப்பு. "மொத கார் வித்தான், அப்பறம் படம் எடுத்தான், இப்ப கப்பல் ஓட்டுறானாம். ஒரு தொழில்ல நிக்கமாட்டான் போல!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

மீன் வாடை அடித்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மாடிப்படிதான் நினைவுக்கு வரும். காரைக்கால்மேட்டு வேம்பு அக்கா மீன் விற்று முடித்து, காலிக் கூடையோடு படம் பார்க்க மூச்சு வாங்க ஏறி வருவார். "மெதுவா ஓட்டு புள்ள. நா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ" என்று அவர் சொன்னதால்தான் வேகத்தைக் குறைத்தேன். அவர் வீட்டுக்காரர் கொச்சிப் பக்கம் போட் வேலைக்குப் போய் இரண்டு வருடம். ஒரு தகவல் இல்லை. அங்கே வேறு குடும்பம் என்று ஊரில் பேச்சு.

மாங்கனித் திருவிழாவுக்குத் திருப்பூரிலிருந்து அக்காவின் தங்கை வந்திருந்தாள். பனியன் கம்பெனியில் அக்காவுக்கு வேலை சொல்லிவைத்திருக்கிறாள், திரும்பும்போது கையோடு கூட்டிப்போகப் போகிறாள். மறுநாள் பஸ். அன்றைக்கு மத்தியானம் அக்கா கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தார்.

"பொஸ்தகம் ஒங்கிட்டதான இருக்கு. இப்ப நாலாவது தடவ போயிருக்காரே, கடைசியில அவரு வந்தாரா, அத மட்டும் சொல்லு."

"ஏங்கா?"

"மூணு தடவ போனவரு மூணு தடவயும் வந்துட்டாருல்ல? நா வூட்டப் பூட்டிட்டுப் போயி, எம் மனுசன் வந்து பூட்டப் பாத்துட்டுத் திரும்பிட்டா?"

பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

"அக்கா, அது ஒரே ஆளு இல்ல. நாலு பேரு."

"நாலு பேரா?"

"போனவங்க ஒருத்தரும் திரும்பி வரல. நாலுன்னு போடக் கூடாதுன்னு பாய் சொன்னாரு. அதான்..."

அக்கா நாற்காலியில் உட்காரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஊரு வாய்க்குப் பயந்து நீ அவர வரவச்சிட்ட. ஆறு மாசமா ராவானா ஒரு தட்டுச் சோறு எடுத்து வச்சிருக்கேன் புள்ள."

மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"அந்தம்மா கடைசியில என்ன ஆனா?"

"தனியாத்தான் இருந்தாங்க. நாயகி வேஷம் போயி அம்மா வேஷம், அப்பறம் அதுவும் இல்ல. வேல கெடச்ச வர நடிச்சாங்க."

"ம்" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மறுநாள் பஸ் ஏறிவிட்டார்.

அந்த ஞாயிறு, "சுபம்னு போட்டு முடிச்சிரும்மா" என்றார் பாய். நான் அடித்தது வேறு: 'நான்கு கணவர்களில் எவரும் திரும்பி வரவில்லை. வேலை கிடைத்த வரை நடித்தார்.' யார் என்ன சொல்வார்களோ என்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு போன் வரவில்லை. பாய்கூடக் கவனிக்கவில்லை.

வேம்பு அக்காதான் ஒரே ஒரு முறை திருப்பூரிலிருந்து கூப்பிட்டார். "இங்கயும் கேபிள் இருக்கு புள்ள. படத்துக்குக் கீழ வெத்தா கெடக்கு." என்ன கேட்பதென்று தெரியாமல், சாப்பிட்டீங்களா என்றேன். "ம். ஒரு ஆளுக்குத்தான் பொங்குறேன்" என்றார்.

அந்த போன் நம்பர் இப்போது இல்லை. கண்ட்ரோல் ரூம் இருந்த மாடியில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்கள். பாயும் இல்லை, மச்சானின் சிடிகளும் இல்லை. என் மெஷினில் புது வரியை அடித்தால் பழைய வரி அழிந்துவிடும், நகல் கிடையாது. மூன்று முறை நான் அடித்த 'கணவர் திரும்பி வந்தார்' எங்கும் இல்லை. கடைசியாக அடித்த உண்மையும் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி அழிந்துபோனதில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.