நீதிபதி வம்சத்து மேனேஜர்

வளைகுடாவில் முவைலா என்ற இடத்தில் எங்கள் கம்பெனி மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். பேசும்போது பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். தன் குடும்பப் பெயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய், எழுநூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் நீதிபதியாக இருந்த ஒருவர் தன் மூதாதை என்று கண்டுபிடித்திருந்தார். அந்த வம்சப் படத்தை, கட்டடப் பிளான் போடும் பெரிய தாளில் வரைந்து கொடுத்தவன் நான்தான்.

"உங்கள் வம்சம் எதுவரை தெரியும், மாடசாமி?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"சார், மாடசாமி எங்க அப்பா பேரு. பாஸ்போர்ட்ல கடைசிப் பேரா அதைப் போட்டுட்டாங்க. நான் செல்வம்."

"அப்படியா!" என்று ஆச்சரியப்பட்டவர், படத்தைச் சுருட்டிக்கொண்டு, "தேங்க்யூ, மாடசாமி" என்று போனார். நான் வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடமும் அப்படித்தான். திருத்தித் திருத்தி எனக்கும் அலுத்துவிட்டது.

போன மாதம் அப்பா இறந்துபோனார். லீவு கேட்டு நின்றேன். மனுஷர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார், உடனே கையெழுத்தும் போட்டார். அதில் குறை சொல்ல முடியாது. பிறகுதான் ஃபாரத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

"ரொம்ப வருத்தமாக இருக்கிறது, மாடசாமி. உங்கள் அப்பா பேர் என்ன?"

பேனா மூடி திறந்தே இருந்தது. ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். பிழையில்லாமல் எழுதிக்கொண்டார்.