செல்லத்துரை அண்ணைக்குப் பதினாலு ரவுண்ட்

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, ரீச்சராக இருக்கும் என் மகள் எழுதுகிறாள். என் பேச்சை அடித்துத் திருத்திப் புத்தகத் தமிழாக்குகிறாள். மற்றவர்கள் பேசியதிலும், பெண்களை மரியாதையாக நான் சொன்னா, வந்தா என்பதிலும் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதல் நாள்

கிளிநொச்சிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தேன். வார்ட்டில்தான் போடுவார்கள் என்று நினைத்தேன். பிசியோ அறைக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால், நீட்டு விறாந்தையில் இந்தப் பக்கம் ஒரு செம்மஞ்சள் கோன், அந்தப் பக்கம் ஒரு கோன். நடுவில் நரைத்த தலைகள் நாலைந்து போவதும் வருவதுமாக நடக்கின்றன. கையில் மணிக்கூட்டோடு ஓர் இளம்பிள்ளை நிற்கிறாள். ஏதோ பிழை செய்தவர்களுக்குத் தண்டனை கொடுக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளைதான் பிசியோ மிஸ். நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தவர்களுக்கு நடைதான் மருந்து என்று சொன்னா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஆட்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். என் அம்மா கூடையைத் தலையில் கொழுவிக்கொண்டு ஏறாத மலை இல்லை. அவவுக்கு ஒருவரும் மணிக்கூடு பிடிக்கவில்லை.

கதிரை அடுக்குவது, கோன் வைப்பது, வெளியே கழற்றிவிட்ட செருப்புகளைச் சோடி சேர்ப்பது எல்லாம் என் வேலை. பிறகு ரவுண்ட் எண்ணுவதும் என்னிடம் வந்தது. மிஸ் ஆறு நிமிடத்துக்கு மணிக்கூட்டைப் பார்ப்பா. நான் உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை இடது பக்கச் சட்டையில் கொழுவி வைத்திருப்பேன். நோயாளி ஒருமுறை போய் வந்தால் ஒரு கிளிப் வலது பக்கம் போகும். ஒருநாளும் கணக்குப் பிழைத்ததில்லை. ஒரே ஒருநாள் மட்டும் கழற்ற மறந்து அப்படியே பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

தலையணை

செல்லத்துரை அண்ணை முரசுமோட்டையில் வயல் செய்கிறவர். கொழும்பில் பைபாஸ் செய்து வந்த ஆள். இருமல் வந்தால் நெஞ்சோடு தலையணையை அணைத்துக்கொண்டு இருமுங்கோ என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணை இருமலுக்குக் காத்திருக்கவில்லை. எந்த நேரமும் பிறந்த பிள்ளையைப் போல அதைக் கட்டிப்பிடித்தபடியே இருந்தார். பஸ்ஸில் இடம் கொடுத்தவர்கள் அவருக்குக் கொடுத்தார்களா தலையணைக்குக் கொடுத்தார்களா என்று எனக்குச் சந்தேகம்.

அவர் முதல் இரண்டு கிழமை நடை வகுப்புக்கே வரவில்லை. மிஸ் போன் எடுத்தா. எடுத்தது அவருடைய மனுசி மனோன்மணி அக்கா. வருத்தம் என்று நோயாளியைப் பார்க்கச் சனம் வந்துகொண்டே இருக்கிறது, பாணும் அப்பிளும் பால்மாப் பேணியுமாக வருகிற நேரத்தில் வருத்தக்காரர் வீட்டில் இல்லாவிட்டால் என்ன மரியாதை என்று மிஸ்ஸிடமே கேட்டா. அண்ணையும் பாவம். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் ஒப்பரேசன் கதை சொல்லி, பைபாஸுக்கு நரம்பு எடுத்த காலைத் தூக்கிக் காட்டிக் களைத்துப்போயிருந்தார். வருத்தம் பார்க்க வந்தவர்களாலேயே இன்னொரு வருத்தம் வரும் போலிருந்தது.

கடைசியில் வந்தார். வந்ததற்குக் காரணம் வேறு. ஐப்பசியில் காலபோக நெல் விதைப்பு. இந்த முறை வயலைத் தன்னிடம் விடச் சொல்லி மச்சான் வாசலில் நிற்கிறார். டொக்டரோ, ஆறு நிமிடத்தில் பதினாலு ரவுண்ட் நடந்து காட்டினால்தான் வயலில் இறங்க விடுவேன் என்று சொல்லிவிட்டார்.

"தங்கச்சி," என்று தலையணைக்கு மேலால் என்னைப் பார்த்துச் சொன்னார், "மச்சான் நல்லவன். ஆனா ஒருக்கா அவன்ர கையில போன வயல் திரும்பி வராது."

அன்றைக்கு நடந்தது ஒன்பது ரவுண்ட்.

ஸ்டிக்கர்

வீட்டிலும் ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும், நடந்ததைக் கொப்பியில் எழுத வேண்டும். அண்ணையின் கொப்பியைப் போல ஒரு கொப்பி கிடையாது. கோயிலடி வரை போனேன், வந்தேன் என்று நாள் தவறாமல், கோடு போட்டு எழுதியிருந்தார். மிஸ் வாசித்து வாசித்துச் சந்தோசப்பட்டா. ஒரு மாதம் கழித்துத் திரும்ப மணிக்கூட்டைப் பிடித்தா. என் வலது பக்கத்தில் இருந்தது ஒன்பது கிளிப்.

மிஸ்ஸின் முகம் சுருங்கிப்போனது. மருந்தா, இரத்தமா, வேறு ஏதாவதா என்று பேப்பர்களைப் புரட்டினா. எனக்குப் பேப்பர் தெரியாது. செருப்புத் தெரியும். அன்று மழை பெய்து வாசலெல்லாம் சேறு. செருப்புகளைக் கழுவுவோம் என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். மற்ற ஆட்களின் செருப்பெல்லாம் குதி தேய்ந்து தகடாகிவிட்டன. அண்ணை நடப்பதற்கென்று ஒரு மாதத்துக்கு முன்பு வாங்கிய செருப்பின் அடியில் கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"அண்ணை, உண்மையா நடந்தனீங்களோ?"

"ஓம் தங்கச்சி. அம்மாளாச்சி அறிய ஒவ்வொரு நாளும் வெளிக்கிட்டனான்."

வெளிக்கிட்டனான், அதாவது புறப்பட்டேன் என்றார். நடந்தனான் என்று சொல்லவில்லை. நான் வேறு விதமாகக் கேட்டேன்.

"வழியில ஆரைக் கண்டனீங்கள்?"

அண்ணை கண்ட ஆட்களை ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார். திங்கட்கிழமை கூட்டுறவுச் சங்கக் கடை மனேச்சரைக் கண்டாராம். இந்த நெஞ்சோடு நடக்கிறதோ என்று ஏசி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கோயிலடியில் இறக்கினாராம். வரும்போது உழவு மெசின். செவ்வாய்க்கிழமை பால் வண்டி. புதன்கிழமை மச்சானே வந்து ஏற்றினார். அந்த வீதியில் அண்ணையை ஏற்றாத வண்டி என்றால் ரோட்டுப் போடுகிற ரோலர் மட்டும்தான்.

"மாட்டன் எண்டு சொல்லேலாதோ?" என்று மிஸ் கேட்டா.

"எப்பிடி மிஸ்? ஒப்பரேசனுக்கு இரத்தம் குடுக்கக் கொழும்பு வரைக்கும் வந்த பெடியள். ஏறாட்டிக் கோவிச்சுப் போடுவாங்கள்."

மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அங்கே எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் பைபாஸ் செய்த மனிதரை வீதியில் நடக்கவிட்டுக் கடந்து போனால், போனவனை ஊர் பேசும்.

மாடு

சைக்கிளை உருட்டிக்கொண்டு போகச் சொல்லலாம் என்றா மிஸ். காற்றுப் போய்விட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு பேர் நிற்பார்கள் என்றேன். யோசித்தேன். எந்த மனிதரை எவரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள்? மாட்டோடு போகிறவரை.

மிஸ் முதலில் பயந்தா. நெஞ்செலும்பு இப்போதுதான் பொருந்தியிருக்கிறது, கயிறு இழுக்கக் கூடாது என்றா. மனோன்மணி அக்காவிடம் போனில் கேட்டோம். வீட்டில் ஒரு கிழட்டுப் பசு, கயிறே தேவையில்லை, பின்னால் ஆள் வந்தால் தானாக நடக்கும் என்றா. பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகம்தான் சரியான வேகம் என்று மிஸ் சொன்னா. அண்ணை மாட்டோடு பேசிக்கொண்டே நடந்தார். மாடு புல்லுக்கு நின்றால் அவருக்கு ஓய்வு. இதைவிட நல்ல மெசின் கொழும்பிலும் இல்லை.

மூன்றாம் நாள் சங்கக் கடை மனேச்சர் விடவில்லையாம். நீங்கள் ஏறுங்கோ, மாட்டைப் பெடியன் கொண்டு வருவான் என்றாராம். அண்ணை சொன்ன மறுமொழி: "அது என்னை விட்டிட்டு வராது." பாவம் மாடு, அதன் மேல் பழியைப் போட்டுத் தப்பினார். மாடு மெலிந்து போகிறது என்று மனோன்மணி அக்கா போன் எடுத்து முறையிட்டா. மிஸ் அதையும் கொப்பியில் எழுதினா.

பதினாலு

விதைப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது கடைசிச் சோதனை. தலையணையை மனோன்மணி அக்கா வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தா. இப்போது அவதான் அதைக் கட்டிப்பிடித்திருந்தா.

அண்ணை நடந்தார். கோனடியில் திரும்பும்போதெல்லாம் மாடு எங்கே என்று பழக்கத்தில் ஒருமுறை பார்த்தார். ஒன்பதாவது கிளிப் மாறியது. பத்து, பதினொன்று. நெற்றியில் வேர்வை. பன்னிரண்டில் எனக்குக் கைதவறிக் கிளிப் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்து நிமிர்கிறேன், எங்கள் வார்ட் அற்றன்டன் ஒருவர் வெறும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு விறாந்தையால் வருகிறார். வேர்க்க விறுவிறுக்கப் போகும் வயதான ஆளைக் கண்டதும் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

"ஐயா, ஏறுங்கோ. நான் தள்ளிக்கொண்டு போறன்."

ஒரு மாதமாக அந்தச் சொல்லுக்கு ஏறிப் பழகிய கால். மனோன்மணி அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்தா. அண்ணை ஒருமுறை பின்னால் பார்த்தார். மாடு இல்லை.

"வேண்டாம் தம்பி," என்றார். "நான் நடந்து போறன்."

நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனார். மிஸ் நேரம் முடிந்தது என்று சொன்னபோது என் வலது பக்கத்தில் பதினாலு கிளிப். சுற்றின தூரத்தையும் சேர்த்தால் கொஞ்சம் கூடுதல்.

டொக்டர் மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லி வயலுக்கு விட்டார். அந்தப் போகம் அண்ணைதான் விதைத்தார். மச்சானை வரம்பில் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாராம்.

பிள்ளைகளே, நான் படித்தது இதுதான். நோயாளியிடம் நடந்தனீங்களோ என்று கேட்டால் ஓம் என்றுதான் வரும். பொய் சொல்ல அல்ல, உங்கள் மனம் நோகக் கூடாது என்று. வழியில் ஆரைக் கண்டனீங்கள் என்று கேளுங்கள். நடந்ததும் வரும், நடக்காததும் வரும்.

இப்போது எனக்கும் சீனி வருத்தம். பின்னேரத்தில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதை எழுதி முடித்துவிட்டு மகள் பேனையை வைக்காமல் கேட்கிறாள், இன்றைக்கு நடந்தனீங்களோ அம்மா என்று. ஓம் என்றேன்.

"வழியில ஆரைக் கண்டனீங்கள்?"

ஓட்டோக்காரப் பெடியன் ஒருவனைக் கண்டேன். நல்ல பிள்ளை.